பெயருக்கு விட்ட இடம்

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு பாட்டாசிரியர் இருக்கிறார் என்பது சருகு வாரும் நாளில்தான் எனக்குத் தெரிய வந்தது. வசந்தம் தொடங்கியதும் ஒரு பின்னேரம் குடியிருப்பவர்கள் எல்லோரும் வெளியே இறங்கி, குளிர்காலம் முழுக்கப் பனிக்குக் கீழே கிடந்த சருகையும் சரளைக்கல்லையும் கூட்டி அள்ளவேண்டும். இதற்கு டுக்னாட் என்று பெயர். கூலி கிடையாது, கடைசியில் ஆளுக்கொரு சொசேஜ் உண்டு. வராவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த நாள் லிப்டுக்குள் வணக்கம் சொல்லும்போது அவர்கள் குரல் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அன்று நான் வாரித் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, சருகு ஒன்றும் வாரவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒரு பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். பாட்டில் ஓரடி இன்னும் வராமல் என்னை வதைத்துக்கொண்டிருந்தது. வாய்க்குள் "தானனா தானனா" என்று முணுமுணுத்தபடி தடியின் மேல் விரல்களால் தட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற உயரமான வயதான மனிதர் தன் வேலையை விட்டுவிட்டு என் விரல்களையே பார்த்தார்.

"எத்தினை அசை குறையுது?" என்று கேட்டார்.

நாங்கள் கதைத்தது நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில். அவருடைய நொஸ்க்கில் ஜெர்மன் வாடை, என்னுடையதில் யாழ்ப்பாண வாடை. அதையெல்லாம் அப்படியே எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. ஆகவே இங்கே எல்லோரும் என் ஊர்த் தமிழில்தான் கதைப்பார்கள்.

"ரெண்டு" என்றேன், யோசிக்காமல். பிறகுதான் எனக்குத் திகைப்பு வந்தது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த விரலை எனக்குத் தெரியும். நானும் அப்பிடித்தான் எண்ணிக் காலத்தைக் கழிச்சனான்" என்றார் அவர்.

என் பகல் வேலை சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் நிலையத்தில். மூக்குத் துடைப்பது, சப்பாத்து மாட்டுவது, ஒருவரையொருவர் கடிக்காமல் பார்த்துக்கொள்வது. பாட்டு எழுதுவது மிச்ச நேரத்தில். ஒஸ்லோத் தமிழருக்குக் கல்யாணமோ பிறந்தநாளோ வந்தால் சினிமாப் பாட்டு மட்டும் போதாது, தங்களுக்கென்றே ஒன்று வேண்டும். என் கணவர் கீபோர்ட்டில் மெட்டுப் போடுவார், நான் சொல் வைப்பேன். மெட்டு முதலில், சொல் பிறகு. இவர் "தானனா" என்று பாடிக் காட்டுகிற அந்த இத்தனூண்டு இடத்துக்குள் பிள்ளையின் கன்னம், தகப்பனின் பெருமை, பேரன் பேத்தி கண்டவர்களின் ஆசீர்வாதம் எல்லாவற்றையும் நான் அடைக்கவேண்டும். ஊருக்குப் போகும்போது சூட்கேஸின் மேல் ஏறி இருந்து பூட்டுவோமே, அந்த வேலைதான்.

அந்த ஜெர்மன்காரரும் வாழ்நாள் முழுக்க அதே சூட்கேஸின் மேல் ஏறி இருந்தவர். பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவர் சொன்ன கதைகளை ஒன்று சேர்த்தால் இப்படி வரும்.

ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தில், உலகப்போர் முடிந்த கையோடு வந்த பசிக்காலத்தில் வளர்ந்தவர். படிப்பு ஏறவில்லை. இசைத்தட்டுக் கம்பனி ஒன்றில் பார்சல் கட்டும் வேலை கிடைத்தது. அந்த நாளில் இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மெட்டுகள் வந்து இறங்குமாம். ஜெர்மன் சொல் உடனே வேண்டும், பாடகி பின்னேரம் ஒலிப்பதிவுக்கு வந்துவிடுவார். ஒருநாள் சொல் எழுத வேண்டிய ஆள் குடித்துவிட்டு வராமல் இருந்துவிட்டார். பார்சல் கட்டிக்கொண்டிருந்த பெடியன் கட்டுகிற கடதாசியிலேயே எழுதி மேல்மாடிக்கு அனுப்பினான். பாட்டு ஓடிவிட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்சல் கட்ட விடவில்லை.

தெற்குக் கடல், பனைமரம், கிற்றார், துறைமுகத்தில் நின்று கையசைக்கும் பெண். இவைதான் சரக்கு. அந்தத் தெற்குக் கடலை அவர் கண்ணால் கண்டதே கிடையாது. கம்பனிக் கந்தோர் மூலையில் நின்ற தொட்டிச் செடி ஒன்றைப் பார்த்துத்தான் பனை எழுதினாராம்.

"நல்ல பனைதான். ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லை" என்றார். பனங்காட்டிலிருந்து வந்தவள் என்றபடியால் எனக்குக் கொஞ்சம் சுட்டது, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு ஒரு தொப்பியைப் பற்றியது. காதலன் ஒருவன் வேண்டுமென்றே காதலியின் வீட்டில் தன் தொப்பியை மறந்துவிட்டு வருகிறான், திரும்பிப் போக ஒரு சாட்டு வேண்டுமே. "தொப்பி உன் வீட்டில், நீ அதைத் திருப்பித் தராதே" என்று பல்லவி போகும். ஜெர்மனியில் பியர் குடிக்கும் கூட்டங்களில் இன்றைக்கும் அதைப் பாடித் தொப்பியை மேலே எறிவார்களாம். அவருக்கு அது வெட்கம். ஒருநாள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அவரும் மனைவியும் எங்களோடு வந்திருந்தபோது, சொசேஜ் விற்கும் இடத்தில் திடீரென்று அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். மனைவி அங்கேயே நின்று உரத்துப் பாடத் தொடங்க, மனிதர் காலுறை தொங்கும் தட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பாட்டு முடிந்த பிறகுதான் வெளியே வந்தார்.

தொழிலில் அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. உச்சியில் நிற்கும் சுரத்துக்கு வாய் திறக்கிற எழுத்தை வை, "ஈ" வைத்தால் பாடகி முறைப்பாள். மாதத்தின் பெயரைப் போடாதே, டிசம்பர் என்று போட்ட பாட்டை வானொலிக்காரர் மே மாதத்தில் தொடமாட்டார்கள். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், பெண்ணின் பெயரைப் போடாதே.

"பேர் போட்டால் அந்தப் பேர்க்காரிக்கு மட்டும்தான் பாட்டு. 'நீ' எண்டு போட்டால் ஜெர்மனியிலை இருக்கிற பொம்பிளையள் எல்லாரும் தன்னைத்தான் சொல்லுறான் எண்டு நினைப்பினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொழிலில் நேர்மாறு. "பிள்ளையின்ரை பேர் எத்தினை தரம் வரும்?" என்பதுதான் தாய் தகப்பன் கேட்கிற முதல் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒரு தம்பதி ஒருமுறை பாட்டுக் கேட்டு வந்தார்கள். மகள் மழலையில் கதைக்கிறாள் என்று எழுதியிருந்தேன். "அக்கா, கதைக்கிறான்னா எங்க பக்கம் வேற மாதிரி இருக்கு. பேசுறான்னு மாத்திடுங்களேன்" என்றார் அந்தப் பிள்ளையின் அம்மா. மாற்றிக் கொடுத்தேன். ஆனால் பெயர் விஷயத்தில் அவர்களும் எங்கள் கட்சிதான், பெயர் கணீரென்று கேட்கவேண்டும்.

இதற்காகவே என் கணவர் ஒரு பிறந்தநாள் மெட்டுச் செய்து வைத்திருக்கிறார். பல்லவியின் முடிவில் வாத்தியம் சற்று அடங்கும். அந்த இடத்தில் இரண்டு நீண்ட சுரம் வெறுமையாக இருக்கும். அங்கே எந்தப் பிள்ளையின் பெயரையும் இருத்தலாம். மிச்ச வரிகளை நான் கொஞ்சம் முன்பின் மாற்றுவேன். ஒஸ்லோவில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே மெட்டில்தான் ஒரு வயது ஆனது. பெற்றவர்களுக்கும் அது தெரியும், தங்கள் பிள்ளையின் பெயர் வந்தால் அவர்களுக்குச் சரி.

ஒருமுறை மோர்டென்ஸ்ருட்டில் நடந்த பிறந்தநாள் விழாவுக்கு ஜெர்மன்காரரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனோம். தட்டில் மீன் ரோல்சை வைத்துக்கொண்டு மனிதர் உன்னிப்பாகக் கேட்டார். பாட்டு, பெயருக்கு விட்ட இடத்துக்கு வந்ததும், தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு, யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்த்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார்: "என்ரை பாட்டுக்கு ஆக்கள் ஆடியிருக்கினம், குடிச்சிருக்கினம், தொப்பி எறிஞ்சிருக்கினம். தன்னைக் கூப்பிட்ட மாதிரி ஒருத்தரும் திரும்பிப் பாத்ததில்லை."

அதன் பிறகு அந்த மெட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. படியில் ஏறும்போதும் குப்பை கொட்டப் போகும்போதும் அதைத்தான் முனகுவார். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே அவர் வீடு. இவர் கீபோர்ட்டைத் திறந்தால் போதும், கீழேயிருந்தும் அந்த மெட்டு வரும். "உந்த மனிசன் என்ரை மெட்டைக் களவெடுத்து ஜெர்மனியிலை விக்கப்போறார்" என்று இவர் பகிடி விடுவார்.

ஜெர்மன்காரர் தன் மனைவியைச் சந்தித்தது தொழில் படுத்த பிறகு. புதிதாக வந்த பாடகர்கள் தாங்களே எழுதத் தொடங்கினார்கள், அதுவும் ஆங்கிலத்தில். பனைமரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். தொலைபேசி அடிப்பது நின்றது. கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒஸ்லோ வந்து போகும் கப்பலில், பயணிகளுக்கு இரவில் நடத்தும் கலைநிகழ்ச்சிக்கு வசனமும் பாட்டும் எழுதும் வேலைக்கு வந்து சேர்ந்தார். கப்பலில் இருந்த கடையில் நோர்வேப் பெண் ஒருத்தி வேலை செய்தார்.

"ஒவ்வொரு பயணமும் வந்து பற்பசை வாங்குவார்" என்று அந்தப் பெண், இப்போது நரைத்த தலையோடு, எனக்குச் சொன்னார். "ஒரு மனிசனுக்கு இவ்வளவு பற்பசை தேவையில்லை எண்டு எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது. காதலைப் பற்றி எழுதிச் சீவிச்ச ஆள், என்னட்டை ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் பற்பசை வாங்கிக்கொண்டு நிண்டவர்."

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் அதை ஒருவர்தான் சொல்லவேண்டும். இரண்டு அசையில் ஒரு பெயர், முதல் அசை நீளம். எங்கள் கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்கும் அது பாடம், ஏனென்றால் ஜெர்மன்காரர் பால்கனியில் நின்று முற்றத்தைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிடுவார். கோப்பி ஆறுகிறது, சாவி எங்கே, மழை வரப் போகிறது, எல்லாவற்றுக்கும் முதலில் பெயர். ஒருமுறை தன் பிறந்தநாளுக்குத் தன் பெயர் வைத்து ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லி மனைவி கேட்டிருக்கிறார். "உம்மடை பேரைப் பாட்டிலை வேறை வைக்கவேணுமோ? நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறன்" என்று சொல்லித் தப்பிவிட்டாராம். இதைச் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம்.

நான் என் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று தெரிந்தபோது அந்த அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

"அப்ப அவரை எப்பிடிக் கூப்பிடுவீங்கள்?"

"இஞ்சேருங்கோ எண்டு."

"அவர் உங்களை?"

"இஞ்சேரும் எண்டு. இஞ்சை பாரும் எண்டதுதான் அது."

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு அது மட்டும் காணாது" என்றார்.

போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் ஒருநாள் காலை, ஜெர்மன்காரர் பாண் வெட்டிக்கொண்டு நின்றவர், கத்தியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே சரிந்தார். மூளையில் இரத்த அடைப்பு. அம்புலன்ஸ் வேகமாக வந்தது, உயிர் தப்பியது. வலது கை சோர்ந்துவிட்டது, பேச்சுப் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், பதில் மட்டும் வராது. அவர் வாயிலிருந்து நொஸ்க் முழுதாக அழிந்துபோயிற்று. சொல்லை விற்றுச் சீவித்த அந்த மனிதருக்கு மிஞ்சியது ஒரேயொரு சொல், "ஆபர்". ஜெர்மன் மொழியில் அதற்கு "ஆனால்" என்று அர்த்தம். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆபர், கால் வலித்தாலும் ஆபர், எங்களைக் கண்டு சந்தோஷப்பட்டாலும் ஆபர். முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் கிழமைக்கு ஒருநாள் வந்தார். அவர்தான் பாட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பேச்சு வைத்திருக்கிற இடம் கெட்டாலும் பாட்டு மூளையில் வேறு இடத்தில் தப்பியிருக்கலாம் என்றார். மனைவி பழைய இசைத்தட்டை எடுத்துத் தொப்பிப் பாட்டைப் போட்டார். ஜெர்மன்காரர் முகத்தைச் சுளித்தார். பிறகு வாயைத் திறந்து முழுப் பாட்டையும், ஒரு சொல் பிசகாமல், கடைசி வரைக்கும் பாடி முடித்தார். நானும் இவரும் வாசலில் வடைத் தட்டோடு நின்றோம். உள்ளே போவதா, திரும்பிப் போவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதிலிருந்து அந்த வீடு அவருடைய பழைய பாட்டுகளால் நடந்தது. வெளியே போகவேண்டுமென்றால் தொப்பிப் பாட்டு. யன்னலைச் சாத்தவேண்டுமென்றால் கடற்காற்று வரும் ஒரு பாட்டின் நடு வரி. பசித்தால் இத்தாலியத் திராட்சை பற்றி ஒன்று. தான் வெட்கப்பட்ட சரக்கெல்லாம் இப்படிக் கடைசியில் சோறு போடும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். சில நாட்களில் பாடிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

வெயில் வந்த ஒருநாள் மனைவியும் நானும் கீழே முற்றத்து வாங்கில் இருந்தோம். மேலே பால்கனியில் அவர் கம்பளிப் போர்வையோடு இருந்தார். மனைவி அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார், அவரும் இடது கையை அசைத்தார்.

"நான் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது" என்றார் மனைவி.

"சொல்லுங்கோ."

"நாள் முழுக்க எனக்குக் காதல் பாட்டுப் பாடுறார். நீ, நீ, நீ எண்டு. ஜெர்மனியிலை இருந்த பொம்பிளையள் எல்லாருக்கும் பாடின அதே நீ. என்ரை பேர் மட்டும் வரேல்லை. ஒரு தரமும் வரேல்லை. உயிரோடை இருக்கிறார், அது காணும் எண்டுதான் நானும் எனக்குச் சொல்லுறன்." மறுபடி மேலே பார்த்தார். "என்ரை அம்மா இல்லை, அக்கா இல்லை. கடையிலை வேலை செய்த ஆக்களும் போயிட்டினம். அவரைத் தவிர என்னை அந்தப் பேராலை கூப்பிட ஒருத்தரும் இல்லை."

பெண்ணின் பெயரைப் போடாதே என்ற அந்தப் பெரிய சட்டம் இப்போது அதைச் சொன்னவர் தலையிலேயே விழுந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. பாட்டில் இருந்த சொல் மட்டும்தான் அவருக்கு மிஞ்சியிருந்தது. அந்தப் பெயரை அவர் எந்தப் பாட்டிலும் வைக்கவில்லை.

பாட்டில் பெயர் வைப்பதுதானே என் தொழில், இது என்ன பெரிய காரியம் என்று நான் துள்ளினேன். தொப்பிப் பாட்டின் பல்லவியில் "நீ" வருகிற இடத்தில் அவர் மனைவியின் பெயரைச் செருகினேன். இவர் கீபோர்ட்டைக் காவிக்கொண்டு கீழே வந்தார். பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடமும் கேட்டோம். முயன்று பாருங்கள், ஆனால் நெருக்கவேண்டாம் என்றார்.

ஜெர்மன்காரர் "தொப்பி உன் வீட்டில்" வரைக்கும் வந்தார். பெயர் வரவேண்டிய இடத்தில் நின்றார். "ஆபர்" என்றார். மறுபடி வாசித்தோம், மறுபடி அதே இடத்தில் நின்றார். நான் பெயரைச் சேர்த்துப் பாடிக் காட்டினேன். இடது கையால் மேசையில் ஓங்கி அடித்தார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும் அப்படித்தான். மனைவி எழும்பிப்போய் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடுங்கோ. அந்தப் பேர் போயிட்டுது" என்றார், திரும்பாமல்.

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஜெர்மன்காரரைப் பார்க்க முடியாமல் அவர் கதிரைக் கையைப் பார்த்தேன். அங்கே அவருடைய இடது கை விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, நிறுத்தம். மறுபடி ஒன்று, இரண்டு, நிறுத்தம். அந்த விரலை எனக்குத் தெரியும். மனிதர் எண்ணிக்கொண்டிருந்தார்.

தொப்பிப் பாட்டில் "நீ" வருகிற இடம் ஒரு குட்டிச் சுரம், கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதற்குள் நீளமான ஒரு பெயரைப் பிடித்துத் திணித்திருக்கிறேன் நான். பெயரை நசுக்கி, அசையைக் கடித்து. வேறு யாராவது இப்படி என் பாட்டில் செய்திருந்தால் நானும் மேசையில் அடித்திருப்பேன். பேச்சுப் போன பிறகும் அந்த மனிதர் தன் மனைவியின் பெயரைக் கோணலாகப் பாட மறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதை மறதி என்று நினைத்துவிட்டேன்.

"இஞ்சேருங்கோ" என்றேன் என் கணவரிடம். "உங்கடை பிறந்தநாள் மெட்டைப் போடுங்கோ."

"உமக்கென்ன விசரே? அது ஒரு வயசுப் பிள்ளையளின்ரை பாட்டு."

"போடுங்கோவன்."

முணுமுணுத்துக்கொண்டு வாசித்தார். ஜெர்மன்காரரின் முகம் மாறியது. எத்தனை நாள் கூரை வழியாகக் கேட்ட மெட்டு, எத்தனை நாள் படியில் முனகிய மெட்டு. சொல் இல்லாமல் "தானனா" என்று கூடவே வந்தார். பெயருக்கு விட்ட இடம் வந்தது. இவர் வழக்கம்போல வாத்தியத்தை அடக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஜெர்மன்காரரும் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போனார். ஆனால் "ஆபர்" சொல்லவில்லை, மேசையிலும் அடிக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அதையே வாசித்தோம். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் அந்த நேரத்தில் குசினிக்குப் போய்க் கோப்பி போடுவார். பிள்ளைகளின் பாட்டு தன் கணவருக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. நானும் நம்பிக்கையோடு இருந்தேன் என்று சொன்னால் பொய். மேலே வந்து, "இனிக் காணும், அந்த மனிசனை ஆய்க்கினைப்படுத்தவேண்டாம்" என்று இவரிடம் சொன்னேன். "எனக்கு வாசிக்கிறதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவருக்கும் பாடுறதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உமக்குத்தான் அவசரம்" என்றார் இவர். இப்படியான நேரங்களில் இவரைக் கட்டியது சரிதான் என்று எனக்குத் தோன்றும்.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கிய ஒரு ஞாயிறு. மனைவி குசினியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவிக்கொண்டிருந்தார், குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இவர் வாசித்தார், ஜெர்மன்காரர் கண்ணை மூடிக்கொண்டு தானனா சொன்னார். பல்லவி முடிந்தது, வாத்தியம் அடங்கியது.

அவர் பெயரைப் பாடினார். இரண்டு அசையும் முழுதாக, முதல் அசை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். ஒரு பிசகும் இல்லை.

"ஓம், என்ன?" என்றார் மனைவி குசினிக்குள் இருந்து, திரும்பிப் பார்க்காமல். கோப்பை கழுவுவதையும் நிறுத்தவில்லை. பால்கனியிலிருந்து கூப்பிட்ட நாட்களில் எப்படிக் குரல் கொடுப்பாரோ, அப்படியே.

பிறகு தண்ணீர் நின்றது.

இவருடைய கை கீபோர்ட்டிலேயே இருந்தது, வாசிக்க முடியவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை, மூக்கு ஓடியது, சேலைத் தலைப்பைத் தேடினேன், அன்றைக்குப் போட்டிருந்தது ஜீன்ஸ். மனைவி ஈரக்கையோடு குசினி வாசலில் வந்து நின்றார். ஜெர்மன்காரர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார், சொல் சரியாக இருந்துவிட்டால் தொழில்காரர் பார்க்கிற அந்தப் பார்வை. பிறகு மனைவியைப் பார்த்துக்கொண்டு, வாத்தியம் இல்லாமலே, அந்த இரண்டு சுரத்தை மட்டும் இன்னொரு தரம் பாடினார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பி வேண்டாம், யன்னல் சாத்தவேண்டாம், வெளியே போகவேண்டாம். சும்மா கூப்பிட்டார்.

"ஓம்" என்றார் மனைவி. "நான் இஞ்சைதான் நிக்கிறன்."